பேக்கனுக்கு அவசரம் ஆகாது

பேக்கன், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறி, எப்படிச் சமைப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். சட்டியில் வறுத்தால்தான் பேக்கன் என்பார் ஒருவர். ஓவன் பக்கம் போனவர் மறுபடி அடுப்புக்குத் திரும்பமாட்டார் என்பார் இன்னொருவர். மைக்ரோவேவில் நான்கு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இத்தனை பாத்திரம் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. எல்லா வழியிலும் அருமையான பேக்கன் வரும், எல்லா வழியிலும் வீணாய்ப்போன பேக்கனும் வரும். இதை விரும்பிச் சமைக்கிறவன் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: கொழுப்பு உருகி வெளியே வர நாம் நேரம் கொடுக்கிறோமா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையையும் பார்த்தால், எது எதற்கு நல்லது என்று தானாகவே பிடிபடும்.

நான் இங்கே பேசுவது பெரும்பாலும் பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறியை உப்பிட்டு, புகையூட்டி, நீளக் கீற்றுகளாகச் சீவிய வகையைப் பற்றி. ஒரே கீற்றில் இரண்டு பொருள்கள் ஓடுகின்றன. சிவப்பாக ஓடுவது சதை, வெள்ளையாக ஓடுவது கொழுப்பு. நெருப்பில் இரண்டும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. சூடு பட்டதும் சதை தண்ணீரை விட்டுச் சட்டென்று சுருங்கி இறுகும். கொழுப்பு மெல்லத்தான் இளகும். ஒன்று முந்த, மற்றது பிந்த, கீற்று நெளிந்து மேலே எழும்பும். எழும்பிய மேட்டில் சட்டியின் சூடு படாது. சட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கிற பள்ளம் மட்டும் கருகும். ஒரே கீற்றில் ஒரு பக்கம் கரியும் ஒரு பக்கம் சவ்வு மாதிரி வெள்ளையும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

பன்றிக் கொழுப்பு உருகுவதற்குப் பெரிய சூடே வேண்டாம். 30 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் இளகிவிடும். பிறகு ஏன் இவ்வளவு தாமதம்? தேனடையின் அறைகளில் தேன் அடைபட்டிருப்பதுபோல, கொழுப்பு மெல்லிய சவ்வு அறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. அந்தச் சவ்வு தளர்ந்தால்தான் உருகியது வெளியே வரும். சவ்வு தளர நேரம் பிடிக்கும். இன்னொரு பக்கம் தண்ணீர் இருக்கிறது. சமைக்காத பேக்கனின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு தண்ணீர், கொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. தண்ணீர் இருக்கிறவரை அந்த இடத்தின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. நாம் ஆசைப்படுகிற பழுப்பு நிறமும் வறுத்த மணமும் நன்றாக வர வேண்டுமென்றால் 140 டிகிரியாவது ஆக வேண்டும். அதாவது முதலில் தண்ணீர் போக வேண்டும், கூடவே கொழுப்பு இறங்க வேண்டும், கடைசியில்தான் முறுகல். தீயைக் கூட்டி இந்த வரிசையைக் குலைத்தால், மேல்புறம் வறுபட்டுவிடும், உள்ளே கொழுப்பு அப்படியே நிற்கும். வரிசையாக நடந்து முடிந்தால் போட்ட எடையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதைப் பார்த்து மனம் வருந்த வேண்டாம். போனது தண்ணீர், மற்றது சட்டியில் நெய்யாக நிற்கிறது.

முறைகளுக்குப் போவதற்கு முன் வாங்குகிற பொட்டலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரணக் கீற்று ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். தடித்த கீற்று மூன்று மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் மேல். இரண்டுக்கும் ஒரே நேரக் கணக்கு உதவாது. அடுத்தது, பதப்படுத்திய விதம். உப்பைத் தேய்த்து ஊறவைத்த வகை உலர்ந்திருக்கும். உப்புநீரை ஊசியால் ஏற்றிய வகையில் ஈரம் அதிகம். சட்டியில் போட்டதும் வெள்ளையாக நுரைத்து வழிகிறதே, அது அந்த நீரும் அதில் கரைந்து வருகிற புரதமும்தான். கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை, ஆனால் தெறிப்பதும் சுருங்குவதும் அந்த வகையில் கூடுதல். சர்க்கரையோ மேப்பிள் பாகோ சேர்த்த வகையை வாங்கினால் தீயை இன்னும் குறைக்க வேண்டும், சர்க்கரை முந்திக் கருகிவிடும். பிரிட்டனில் அதிகம் புழங்கும் முதுகுப்பகுதி பேக்கன் வேறு கதை. அதில் சதைதான் பெரும்பங்கு, ஓரத்தில் மட்டும் கொழுப்பு. நிறைய நேரம் கொடுத்தால் காய்ந்துபோகும். அதற்கு நல்ல சூட்டில் சீக்கிரமாக முடிப்பதே சரி, ஓரக் கொழுப்பை மட்டும் இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கூடுதலாக வறுக்கலாம்.

சரி, முதலில் சட்டி.

எனக்குப் பிடித்தது கனமான வார்ப்பிரும்புச் சட்டி. சூடேற நேரம் எடுக்கும், ஆனால் ஏறிய சூடு சட்டென்று இறங்காது. ஒட்டாத பூச்சுள்ள சட்டியும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும், ஏனென்றால் நமக்குப் பெருந்தீயே தேவைப்படாது. எது இருந்தாலும், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே கீற்றுகளை ஆறிய சட்டியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பிவிடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். பிறகு சிம்முக்குக் கொஞ்சம் மேலே தீயை வையுங்கள். சூடு ஏறுகிற அந்த நேரம் முழுவதும் கொழுப்புக்குக் கிடைக்கிறது. சூடான சட்டியில் போட்டால் அந்த நேரம் கிடைக்காது, சதை உடனே இறுகிக் கீற்று சுருண்டுவிடும்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். தீயைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். அப்புறம் வெள்ளைப் பகுதி கண்ணாடி மாதிரி தெளிய ஆரம்பிக்கும், ஓரங்களில் நெய் கசியும். அந்தக் கட்டத்தில் முதல் முறை திருப்பிவிட்டு, பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டே இருக்கலாம். அடிக்கடி திருப்புவதால் ஒரு நஷ்டமும் இல்லை, கீற்று சீராக வேகும். வடிந்த கொழுப்பைப் பாதியில் ஊற்றிவிட வேண்டுமா என்பதில் பலருக்குப் பல கருத்து. நான் விட்டுவிடுவேன். அந்தக் கொழுப்புதான் நெளிந்த மேட்டுக்கும் சூட்டைக் கொண்டுபோகிறது. ரொம்பவும் நெளிகிற கீற்றின்மேல் கனமான சின்ன மூடியையோ இன்னொரு சட்டியையோ வைத்து அழுத்தலாம்.

சட்டி முறையின் உண்மையான சுகம் காதுக்கும் மூக்குக்கும் வேலை இருப்பதுதான். தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது சடசடவென்று சத்தம் பலமாக இருக்கும். தண்ணீர் குறையக் குறைய அது அடங்கும். முடிகிற தறுவாயில் கொழுப்பின்மேல் பொடிப்பொடியாக வெண்ணுரை கட்டும். நுரை கட்டிவிட்டால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதுவரை நிதானமாக நடந்த சமையல் அதற்குமேல் நிமிடக் கணக்கில் மாறும். சாதாரணக் கீற்றுக்கு எல்லாம் சேர்த்து 10 முதல் 12 நிமிடம், தடித்ததற்குக் கால் மணிக்கும் மேல் ஆகும். இரண்டாவது ஈடு போடுகிறீர்களா? சட்டியை இறக்கி, கொழுப்பை வடித்து, கொஞ்சம் ஆறவிட்டுப் போடுங்கள். முதல் ஈடு நன்றாக வந்து இரண்டாவது சொதப்புவது பெரும்பாலும் சட்டி கொதிக்கக் கொதிக்க இருப்பதால்தான்.

சட்டியிலேயே இன்னொரு வழி, தண்ணீர் ஊற்றிச் சமைப்பது. வறுக்கப்போகிற பொருளில் தண்ணீரா என்று முதலில் கேட்கத் தோன்றும். மேலே சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் இருக்கிறவரை சட்டி 100 டிகிரியில் நிற்கும். கருகவே முடியாத அந்த வெப்பத்தில் கொழுப்பு நிம்மதியாக உருகி வெளியேறும். கீற்றுகளைப் பரப்பி, அவை மூழ்குவதற்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, தீயை நன்றாக வைத்துக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் வற்றியதும் மிதமாக்குங்கள், பிறகு சிம்மில் வைத்துச் சிவக்கவிடுங்கள். கடைசிச் சொட்டுத் தண்ணீர் போகும்போது கொஞ்ச நேரம் படபடவென்று வெடிக்கும், அதற்குப் பிறகு அடங்கிவிடும். கீற்று குறைவாகச் சுருங்கும், கடிக்க மெதுவாகவும் ஓரத்தில் முறுகலாகவும் வரும். தடித்த கீற்றுக்கும், சூப்பிலோ பாஸ்தாவிலோ போடுவதற்காகச் சின்னச் சின்னதாக நறுக்கிய துண்டுகளுக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நறுக்கிய துண்டுகளைக் காய்ந்த சட்டியில் நேராகப் போட்டால் ஆறு பக்கமும் கவனிக்க வேண்டியிருக்கும். தண்ணீர் அந்தக் கவலையை எடுத்துக்கொள்கிறது.

நான்கு பேருக்கு மேல் சமைக்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஓவன்தான். உணவகச் சமையலறைகளில் ட்ரே ட்ரேயாக இப்படித்தான் செய்கிறார்கள். சட்டியில் சூடு அடியிலிருந்து மட்டும் வருகிறது. ஓவனில் நாலாபக்கமும் சூழ்ந்து வருகிறது, அதனால் திருப்பவும் தேவையில்லை, கீற்றும் தட்டையாகவே நிற்கும். விளிம்புள்ள ட்ரேயாக எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு இல்லாத தகட்டில் வைத்தால் கொழுப்பு ஓவனின் அடியில் வழிந்து புகையும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ட்ரேயில் பேக்கிங் தாளோ அலுமினியத் தாளோ விரித்து, கீற்றுகளை ஒன்றையொன்று தொடுகிற மாதிரி அடுக்கலாம், சுருங்கி இடம் விட்டுக்கொள்ளும். 200 டிகிரியில் சாதாரணக் கீற்றுக்கு 15 நிமிடத்தை ஒட்டி, தடித்ததற்கு 20 முதல் 25 நிமிடம். ஒவ்வொரு ஓவனும் ஒரு குணம், ஆகவே 12வது நிமிடத்திலிருந்தே எட்டிப் பார்க்கத் தொடங்குங்கள். பாதியில் ட்ரேயை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் எல்லா மூலையும் சமமாகச் சிவக்கும்.

ஓவனை முன்கூட்டிச் சூடாக்காமல், ஆறிய ஓவனிலேயே ட்ரேயை வைத்துவிட்டு 200க்குத் திருகுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறிய சட்டியின் தத்துவமேதான் அது, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஓவன் சூடேற எடுக்கும் நேரம் வீட்டுக்கு வீடு மாறுவதால் நிமிடக் கணக்கை நம்ப முடியாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும். கம்பித் தட்டின்மேல் வைக்கலாமா, ட்ரேயிலேயே கிடத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில்: ட்ரேயிலேயே. கம்பித் தட்டில் கொழுப்பு கீழே சொட்டி, கீற்று உலர்ந்து முறுகும். சிலருக்கு அது பிடிக்கும். ட்ரேயில் தன் கொழுப்பிலேயே கிடந்து வறுபடுகிற கீற்று சீராகச் சிவக்கிறது, ருசியும் கூடுதல். கம்பிகளுக்கு இடையில் ஒட்டியதைச் சுரண்டுகிற வேலையும் மிச்சம். சாண்ட்விச்சுக்காகப் பலகை மாதிரி நேரான கீற்று வேண்டுமென்றால், மேலே ஒரு தாள் விரித்து இன்னொரு ட்ரேயை வைத்து அழுத்தி ஓவனில் வையுங்கள், கடைசி ஐந்து நிமிடம் மட்டும் மேல் ட்ரேயை எடுத்துவிடுங்கள்.

மைக்ரோவேவைப் பலர் மட்டமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அது நியாயமில்லை. தட்டில் இரண்டு மூன்று அடுக்கு வெள்ளைச் சமையலறைத் தாள், அதன்மேல் கீற்றுகள், மேலே ஒரு தாள் மூடி. முழுச் சக்தியில் கீற்றுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்து, முடிவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திப் பார்க்க வேண்டும். மைக்ரோவேவ் முதலில் தண்ணீரைத்தான் தாக்குகிறது. நீர் ஆவியாகி, கொழுப்பு தாளில் இறங்கி, கீற்று நொறுங்குகிற மாதிரி காயும். சட்டியின் ஆழ்ந்த பழுப்பும் வறுத்த மணமும் அவ்வளவு வராது. சாலட்டில் நொறுக்கித் தூவ, ஒரே ஒருவருக்கு இரண்டு கீற்று சமைக்க, இது போதும்.

இதன் பக்கம் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. பேக்கனுக்கு இளஞ்சிவப்பு நிறத்தையும் அதற்கே உரிய மணத்தையும் தருவது நைட்ரைட் உப்பு. கிருமிகளைத் தடுப்பதும் அதுதான். பலத்த சூட்டில் அது புரதச் சிதைவுப் பொருட்களோடு சேர்ந்து நைட்ரோசமைன் என்ற தீய பொருட்களை உண்டாக்கும். சூடு கூடக் கூட, கருகக் கருக அது அதிகமாகும். சட்டியில் வறுத்ததோடு ஒப்பிட்டால் மைக்ரோவேவில் சமைத்ததில் குறைவு. இந்தக் கவலையால்தான் அமெரிக்க அரசு 1978இல், உப்புநீர் ஏற்றுகிற பேக்கனுக்கு 120 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 120 பங்கு) சோடியம் நைட்ரைட் என்று அளவு வைத்து, கூடவே இந்த வேதிவினையைத் தடுக்க வைட்டமின் சி வகை உப்புகளான அஸ்கார்பேட்டோ எரிதார்பேட்டோ 550 பிபிஎம் சேர்க்கச் சொன்னது. செலரிப் பொடியால் பதப்படுத்தி, நைட்ரைட் சேர்க்காதது என்று விற்கிற வகையிலும் அந்தப் பொடியிலிருந்து வருகிற நைட்ரைட் இருக்கத்தான் செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சி முழுவதையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 விழுக்காடு கூடும் என்றது. எனக்கு இதில் தெளிவான நிலை உண்டு. பேக்கன் எப்போதாவது சாப்பிடுகிற பொருள், அன்றாடத்துக்கு ஆகாது. சாப்பிடுகிற அன்றைக்கு நன்றாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும், கருக்கிச் சாப்பிடக் கூடாது. மெதுவான தீ ருசிக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

ஏர் ஃப்ரையரைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. 180, 190 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடத்தில் முறுகலாக வரும், உண்மைதான். ஆனால் கூடையில் நான்கைந்து கீற்றுதான் கொள்ளும். மெல்லிய கீற்றை விசிறிக் காற்று தூக்கி மேலே உள்ள கம்பியில் அடிக்கும். கீழே சொட்டிய கொழுப்பு சூடேறிப் புகையும். அடித்தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவைத்தால் புகை குறையும், ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் கொழுப்பைக் கொட்டிவிட வேண்டும். தடித்த கீற்று என்றால் இந்தக் கருவியில் நன்றாகவே அமையும். மேலிருந்து சூடு காட்டுகிற கிரில் முதுகுப்பகுதி பேக்கனுக்குப் பொருத்தம். வயிற்றுப்பகுதிக் கீற்றை அதில் வைத்தால் கொழுப்பு தெறித்துப் பற்றிக்கொள்ளலாம், கண்ணை எடுக்க முடியாது. நேரம் நிறைய இருக்கிறவர்கள் சூ வீட் முறையில் 64 டிகிரி வெந்நீரில் பையோடு இரவு முழுக்க வைத்திருந்து, காலையில் சூடான சட்டியில் ஒரு பக்கம் மட்டும் சிவக்க வைக்கிறார்கள். ஒரு பக்கம் முறுகல், உள்ளே வாயில் கரைகிற மென்மை. தடித்த கீற்றை வைத்திருக்கிறவர்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டியது.

எந்த முறையானாலும் எப்போது எடுப்பது என்பதுதான் கடைசிச் சோதனை. முழுக்க முறுகும்வரை அடுப்பிலேயே வைத்திருக்கக் கூடாது. இடுக்கியால் தூக்கினால் கீற்று இன்னும் லேசாக வளையும்போதே எடுத்துவிடுங்கள். வெளியே வந்த பிறகும் அதில் சூடு வேலை செய்யும், மிச்ச ஆவி போய் ஓரிரு நிமிடத்தில் மொறுமொறுப்பாகும். எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் ஆவி உள்ளேயே தங்கி நமுத்துப்போகும், பரப்பி வைக்க வேண்டும். நிறத்தை வைத்து வெந்ததா என்று பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நைட்ரைட் காரணமாகச் சதை வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கொழுப்பின் தெளிவையும் ஓரத்தின் பழுப்பையும்தான் பார்க்க வேண்டும். பதப்படுத்தியிருக்கிறதே என்று பச்சையாகச் சாப்பிடவும் கூடாது.

வடிந்த கொழுப்பை நான் எறிவதில்லை. சூடு தணிந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். உருளைக்கிழங்கு வறுக்க, முட்டை பொரிக்க அதில் ஒரு கரண்டி போதும், உப்பு மட்டும் குறைத்துப் போடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல் தொடங்கி, அமெரிக்க அரசு வீடுகளில் மிஞ்சும் இந்தக் கொழுப்பைச் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுக்கச் சொன்னது. அதிலிருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்து செய்தார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். உறையவிட்டு வழித்துக் குப்பையில் போடுங்கள். சட்டியில் கொழுப்பு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூடிவிட வேண்டும்.

பிரித்த பொட்டலத்தில் மிஞ்சிய பச்சைக் கீற்றுகள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒவ்வொரு கீற்றையும் தனித்தனியாகச் சுருட்டி, ட்ரேயில் உறையவிட்டு, பிறகு பையில் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள். தேவையானதை மட்டும் எடுக்கலாம், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட்டால் ருசி குறையாது. சமைத்த கீற்றுகள் நான்கைந்து நாள் இருக்கும். மறுபடி சூடாக்க மைக்ரோவேவில் இருபது முப்பது விநாடி போதும்.